இங்கினியாகலை மின்சாரமும் இறக்காமத்து இருட்டும்

கல்லோயாவை நம்மவர்கள் பட்டிப்பளை ஆறு என்றுதான் சொல்வார்கள். அதை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலையை 1949 இல் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி தொடங்கியது. அப்படி உருவான சேனநாயக்க சமுத்திரம் ஏறக்குறைய 95 கோடி கன மீற்றர் தண்ணீர் கொள்ளும். திட்டத்தில் யாருக்கு எவ்வளவு காணி போனது என்பது தனிக் கட்டுரைக்குரிய கணக்கு. இங்கே கரண்டை மட்டும் பார்ப்போம்.

அணையோடு சேர்ந்த நீர்மின் நிலையத்தில் நான்கு இயந்திரங்கள். மொத்தம் சுமார் 11 மெகாவாட். மலைநாட்டு நிலையங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சின்னப்பிள்ளை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பெரும்பாலும் மின்தேவையைப் பார்த்துத் தண்ணீர் திறப்பார்கள். இங்கே வயலுக்குத் திறக்கும் தண்ணீர்தான் போகிற வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. வேளாண்மை வெட்டுக்காக வாய்க்காலை மூடினால் மின்னும் விழும். பெரும்போகமும் சிறுபோகமும்தான் அந்த நிலையத்தின் நாட்காட்டி.

"பக்கத்திலதானே கரண்டு எடுக்கிறாங்க, நமக்கு ஏன் இல்ல?" இறக்காமத்தில் லைட் போகும்போதெல்லாம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. அந்த 11 மெகாவாட் சேர்வது நாடு முழுவதற்குமான ஒரே வலையமைப்பில். நாட்டின் உச்சத் தேவையோ 2,500 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெரிய வலை விழும்போது சின்ன இயந்திரத்தால் அத்தனை சுமையையும் தாங்க முடியாது. தன்னைக் காக்கக் கழன்றுகொள்ளும். நம் ஊர்களை மட்டும் தனியாகப் பிரித்து எரிய வைப்பதென்றால் அதற்கான ஆளிகளும், 50 ஹேட்ஸை விடாமல் பிடிக்கும் கட்டுப்பாடும், வெளிமின் இல்லாமலே இயந்திரத்தைக் கிளப்பும் வசதியும் வேண்டும். அணை பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது.

2022 மார்ச் 31 இல் 13 மணி நேர வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. அடுத்த சில நாட்களில் நோன்பும் வந்துவிட்டது. சஹர் நேரத்துக்கு மெழுகுதிரி தேடிய வீடுகள் பிறகு கூரைச் சூரியத் தகடுகளை விசாரித்ததில் அதிசயமில்லை.

ஆனால் அங்கேயும் இங்கினியாகலைக் கதைதான். பற்றரி இல்லாத சாதாரண கூரைத் தொகுதி, வலையமைப்பில் மின் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு உயிராபத்து வரக்கூடாதே! 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறில் நாடே இருண்டது. தேவை குறைந்த விடுமுறை நாளில் சூரிய மின் அதிகம் கலந்திருந்ததால் வலை தாங்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர்களிடமே கேட்டுக்கொண்டார்கள்.