மறைந்த படங்களும் மறையாத குறிப்புகளும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் இதனைக் கண்டறிந்தார். பக்கத்து அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலோ, பண்டைக் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் ஏராளம். உயிர்கள் அழிந்தன, தடயங்கள் எஞ்சின. ஒரு நூற்றாண்டு வயதே உடைய நம் முதல் திரைப்படங்களோ முற்றிலும் அழிந்துவிட்டன என்றால் வியப்பாக இல்லையா?

1905இல் திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசகவதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். 1931 அக்டோபர் 31இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. இவ்விரு படங்களுக்கும் இன்று ஒரு பிரதிகூட இல்லை.

காரணம் என்ன?

அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். இவை ஈரத்துடன் கூடி அமிலமாகிச் சிதைவை மேலும் விரைவாக்கும். சுருள் முதலில் பிசுபிசுத்து, பின் பொடியாய் உதிரும். தீப்பற்றினாலோ அணைப்பது அரிது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே இருப்பதால் நீருக்கடியிலும் எரியும். 1950களில் இதன் இடத்தைப் பிடித்த அசிடேட் சுருளும் நம் வெப்பத்தில் புளித்துக் காடி நாற்றம் வீசிக் கெடுவதுண்டு. போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படங்களின் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964இல்தான்.

அப்படியானால் அப்படங்களைப் பற்றி நாம் எப்படி அறிகிறோம்? காகிதத்தால்தான்! விளம்பரத் தாள்கள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், கல்கி போன்றோர் 1930களில் ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்கள் ஆகியவையே இன்று சான்றுகள். அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்த தியடோர் பாஸ்கரன், பணிக்கிடையே இத்தகைய சான்றுகளைத் தேடித் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதினார். விருப்பத்தின் பேரில் படங்களின் விவரங்களைத் திரட்டத் தொடங்கிய ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தனின் தொகுப்பு, பின்னர் தமிழக அரசே வாங்கிப் பாதுகாக்கும் செல்வமாயிற்று.

படம் பார்த்துவிட்டுக் கருத்தை எழுதுவதும், பேசிப் பதிவு செய்வதும் உங்கள் பொழுதுபோக்கா? அதை வீண்வேலை என்று பிறர் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். ஆனால் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். அங்கே அளவீடு வேறு, முடிவு வேறு. ‘படம் நன்று’ என்பது முடிவு மட்டுமே. எதிர்கால ஆய்வாளருக்கு அது உதவாது. எந்த நாள், எந்தக் கொட்டகை, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் இருந்தனர், எந்தக் காட்சியில் சிரித்தனர், எங்கே எழுந்து போயினர் என்பனவே அளவீடுகள். அரியலூரில் ஒரு படத்தை மக்கள் எப்படி ஏற்றனர் என்பதைச் சென்னையில் அதை எடுத்தவரால் எழுத முடியாது, உங்களால் முடியும்.

கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. வன்தட்டும் பழுதாகும், இன்றைய பதிவைத் திறக்கும் மென்பொருள் நாளை இல்லாமற்போகலாம். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். முக்கியமானவற்றை நல்ல தாளில் அச்சிட்டு, நாள் குறித்து, உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள்.