வண்டு தந்த தீர்ப்பு

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில், நீராடற்குரிய நறுமணப் பொடியாகிய சுண்ணம் குறித்து ஒரு வழக்கு எழுகிறது. குணமாலை, சுரமஞ்சரி என்னும் இருவரின் சுண்ணங்களுள் எது சிறந்தது? சீவகன் இரண்டையும் வானில் தூவினான். குணமாலையின் சுண்ணத்தையே வண்டுகள் மொய்த்து உண்டன. வழக்கும் தீர்ந்தது.

சிற்றுயிரை நடுவராக வைத்த காப்பியம் நம்முடையது. இளங்கோவடிகள் காட்டும் மாதவியும் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நன்னீரில் கூந்தல் நீராட்டினாள். அவை பெரும்பாலும் மரஞ்செடிகள் தந்தவை, மண்ணுக்கே மீள்பவை.

பின்னாளில் விலங்குக் கொழுப்பில் காய்ச்சிய சோப்பு வந்தது. முகம் தேய்க்கும் பசையில் நுண்பிளாஸ்டிக் மணிகள் புகுந்தன. அவை கழிவுநீரோடு ஆறும் கடலும் சேர்ந்து மீனின் வயிற்றை அடைகின்றன. அமெரிக்கா 2015இல் இவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அழகுப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. அறம் சட்டமாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

நீரை வடிகட்டிப் பருகும் சிராவகர், தாம் குளித்த நீர் எவ்வுயிரைச் சேர்கிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும். பயற்றமாவும் பூலாங்கிழங்கும் இன்றும் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. துணிப்பை கொண்டுசென்றால் போதும். வண்டு ஏற்கும் சுண்ணமே அகிம்சையர்க்கு ஏற்ற சுண்ணம்.