பேனா அசைவும் அசைவூட்டமும்: டேப்லட் சைகைகளின் வரலாறு

திரையில் உள்ள படத்தைக் கையசைவால் இயக்கும் முறை, மோஷன் கிராபிக்ஸ் மென்பொருள்களோடு வந்த புதுமை என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். அதன் வயது அரை நூற்றாண்டுக்கும் மேல்.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவான் சதர்லாந்து, டிஎக்ஸ்-2 கணினியில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவைத் திரையின்மீதே வைத்து வரைய வேண்டும்; கட்டளைகளுக்குத் தனிப் பொத்தான்கள். கையை உயர்த்தியபடி வரைவது எவ்வளவு அலுப்பு என்பது கரும்பலகையில் நாள் முழுதும் எழுதியவர்களுக்குத் தெரியும்.

1964இல் கலிபோர்னியாவின் ராண்ட் நிறுவனம், மேசைமேல் வைத்து எழுதும் டேப்லட்டை வெளியிட்டது. சுமார் 10 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 100 கோடுகள். அக்கோடுகளில் செல்லும் மின்துடிப்புகளைப் பேனா முனை உணர்வதால், அது இருக்குமிடம் கணினிக்குத் தெரிந்துவிடும். அந்நிறுவனத்தின் கிரெயில் நிரலில் பேனாவின் கோடே கட்டளையானது. கோணலாகப் பெட்டி வரைந்தால் ஒழுங்கான பெட்டி தோன்றும். அதன்மேல் கிறுக்கினால் அழிந்துவிடும்.

இந்த வரலாற்றில் முக்கியமானவராக நான் கருதுபவர் ரொனால்ட் பெக்கர். 1969இல் எம்.ஐ.டி.யில் முடித்த முனைவர் ஆய்வுக்காக, அதே டிஎக்ஸ்-2 கணினியில் ஜெனிசிஸ் என்ற அசைவூட்ட நிரலை அமைத்தார். ஒரு பந்து செல்ல வேண்டிய பாதையைப் பேனாவால் வரைந்தால், கோட்டின் வடிவத்தோடு கை சென்ற வேகமும் பதிவாகும். சம கால இடைவெளியில் புள்ளிகள் விழும்: கை தயங்கிய இடத்தில் நெருக்கமாக, பாய்ந்த இடத்தில் விலகி. பந்தும் அவ்வாறே தயங்கும், பாயும். எழுதி முடித்த தாளைப் பார்த்தால் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறியது என்று தெரியாது. எழுதும்போது பார்த்தால் தெரியும். பெக்கர் கணினியை அப்படிப் பார்க்க வைத்தார்.

ஆக, பேனாச் சைகை இரு வகை: கட்டளையிடுவது, காலத்தைப் பதிவது. முதல் வகை 1993இல் ஆப்பிளின் நியூட்டன் கையடக்கக் கருவிக்கு வந்தது. அதன் கையெழுத்தறியும் நுட்பத்திலிருந்து பிறந்த இங்க்வெல் பின்னர் மேக் கணினிகளில் சேர்ந்தது. 2004இல் வெளிவந்த ஆப்பிளின் மோஷன் மென்பொருள் தொடரில், டேப்லட் வைத்திருப்பவர்கள் படத்தை ஓடவிடுவது போன்ற வேலைகளைப் பேனாக் கோடுகளாலேயே செய்ய முடிந்தது. ஆனால் வரையும் மென்பொருளில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. பேனா இழுத்த கோடு கட்டளையா, படமா? கிறுக்கலையே படமாக வேண்டுபவர் என்ன செய்வார்?

இரண்டாம் வகைக்கு இக்குழப்பம் இல்லை. 1993இல் தோன்றிய ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இன்றும் உள்ள மோஷன் ஸ்கெட்ச் என்ற வசதி பெக்கரின் கருத்தோடு ஒத்தது. பேனாவை அழுத்தி இழுக்கும்போது இடமும் வேகமும் கீஃப்ரேம்களாகப் பதிவாகும். கை நடுக்கமும் சேர்ந்தே பதிவாகும் என்பதால், தேவையற்ற கீஃப்ரேம்களை நீக்கி அசைவைச் சீராக்க ஸ்மூதர் என்ற துணைக்கருவி உள்ளது. அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் நடுக்கத்தோடு கையின் வேகமும் மறைந்து, பந்து இயந்திரம்போல் நகரத் தொடங்கும்.