லாரன்ஸ் ஹார்கிரேவ்

லாரன்ஸ் ஹார்கிரேவ் (1850–1915) பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியப் பொறியாளர். விமானம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில், காற்றில் தடுமாறாமல் நிற்கும் இறக்கை எப்படி அமைய வேண்டும் என்பதைப் பட்டம் கட்டியே சோதித்துக் காட்டியவர். தம் கண்டுபிடிப்பு எதற்கும் அவர் காப்புரிமை வாங்கவில்லை.

இங்கிலாந்தின் கிரீனிச் நகரில் 1850 ஜனவரி 29 அன்று பிறந்தார். 1865இல் சிட்னிக்குக் கப்பலேறினார். அங்கே நீராவிக் கப்பல் நிறுவனம் ஒன்றின் பட்டறையில் தொழில் பழகினார். பிற்காலத்தில் தாம் நினைத்ததையெல்லாம் தம் கையாலேயே செய்துபார்க்க இந்தப் பட்டறைப் பழக்கமே கைகொடுத்தது. இளமையில் ஊர் சுற்றும் ஆசை விடவில்லை. 1872இல் நியூகினிக்குப் புறப்பட்ட ‘மரியா’ என்ற கப்பல் வழியில் உடைந்து பலர் மாண்டபோது உயிர்தப்பினார். அப்படியும் அஞ்சாமல் மீண்டும் நியூகினிக்குப் போய், 1876இல் இத்தாலியரான டி’ஆல்பெர்டிஸுடன் ஃபிளை ஆற்றில் பயணம் செய்தார். பின்னர் சிட்னி வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தார். குடும்பச் சொத்தின் வருமானம் கைக்கு வரவே 1883இல் வேலையை விட்டுவிட்டு, பறத்தல் ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கினார்.

முதலில் அவர் செய்தவை சிறகடித்துப் பறக்கும் மாதிரிகள். ரப்பர் முறுக்காலும் அழுத்திய காற்றாலும் இயங்கிய இவற்றில் சில ஏறத்தாழ நூறு மீட்டர் வரை பறந்தன. 1889இல் உருளைகளே சுழலும் சுழல்பொறி ஒன்றையும் செய்தார். ஆயினும் இவர் பெயர் நிலைத்தது பட்டத்தால்தான்.

தட்டைப் பட்டத்துக்கு வால் வேண்டும். வால் இல்லையேல் குத்துக்கரணம் அடிக்கும். 1893இல் ஹார்கிரேவ் இதற்கு வேறு வழி கண்டார். முன்னும் பின்னும் திறந்த இரண்டு துணிக் கூடுகளை, நடுவே இடைவெளி விட்டு நீண்ட கம்புகளால் இணைத்தார். கிடைப்பரப்புகள் பட்டத்தைத் தூக்கின. செங்குத்துப் பரப்புகள் அது பக்கவாட்டில் திரும்பாமல் பிடித்துக்கொண்டன. பின்கூடே வாலின் வேலையைச் செய்தது. துணியின் இழுவிசையே சட்டத்தை விறைப்பாக வைத்ததால் எடையும் குறைந்தது. தட்டைப் பரப்பைவிட வளைந்த பரப்புக்குத் தூக்குவிசை கூடுதல் என்பதையும் அவர் சோதனையில் உறுதிசெய்தார்.

1894 நவம்பர் 12 அன்று, சிட்னிக்குத் தெற்கே அவர் குடியிருந்த ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை வரிசையாக ஒரே கயிற்றில் ஏற்றினார். கயிற்றின் அடிமுனை மணல் மூட்டைகளில் கட்டப்பட்டிருந்தது. பட்டங்களுக்குக் கீழே தொங்கிய சிறு இருக்கையில், காற்றின் வேகத்தையும் கயிற்றின் சாய்வையும் அளக்கும் கருவிகளோடு அவரே அமர்ந்தார். உடன் இருந்து உதவியவர் ஜேம்ஸ் ஸ்வைன். மணிக்கு 21 மைல் வேகத்தில் வீசிய காற்று அவரைத் தரையிலிருந்து 16 அடி உயரத்துக்குத் தூக்கியது. உயரம் ஒரு மாடிக்கு மேல் தேறாது. ஆனால் அன்று அவர் குறித்துக்கொண்ட அளவுகள்தான் பிறருக்குப் பயன்பட்டன. வெறும் துணிச்சல் காட்டியவர் என்று அவரை ஒதுக்க முடியாதது அதனால்தான்.

கண்டதை மறைத்து வைத்தால் பணம் சேரும் என்ற எண்ணத்தை ஆராய்ச்சியாளர்கள் கைவிட வேண்டும் என்பது அவர் கருத்து. நியூ சவுத் வேல்ஸ் ராயல் கழகத்தில் ஒவ்வொரு சோதனையையும் வரைபடத்தோடு வெளியிட்டார். அமெரிக்கரான ஆக்டேவ் ஷனூட் 1894இல் வெளியிட்ட பறக்கும் இயந்திரங்கள் பற்றிய நூலில் இவர் பணியை விரிவாக எழுதினார். பெட்டிப் பட்டம் உலகெங்கும் பரவியது. வானிலை நிலையங்கள் கருவிகளை மேலே அனுப்ப அதைப் பயன்படுத்தின. ஜெர்மனியின் லிண்டென்பெர்க்கில் 1919இல் பட்டத் தொடர் ஒன்று 9,740 மீட்டர் உயரம் எட்டியது. இரண்டாம் உலகப் போரில், கடலில் விழுந்த விமானிகளின் அவசர வானொலிக்கு ஏரியல் கம்பியைத் தூக்கிப் பிடித்ததும் பெட்டிப் பட்டமே. 1906இல் பாரிஸில் சாந்தோஸ் துமோன் பறந்த விமானத்தின் இறக்கைகள் ஹார்கிரேவின் கூடுகளை அடுக்கியது போலவே இருந்தன. ரைட் சகோதரர்கள் அவரிடமிருந்து எவ்வளவு பெற்றார்கள் என்பதில் மட்டும் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

அவரால் விமானம் செய்து பறக்க முடியாமல் போனதற்குக் காரணம் இயந்திரம். நீராவிப் பொறியின் எடையைப் போதிய அளவு குறைக்க அவரால் இயலவில்லை. கடைசிக் காலத்தில் கவனமும் சிதறியது: பதினாறாம் நூற்றாண்டிலேயே ஸ்பானியக் கப்பல் ஒன்று சிட்னி துறைமுகத்துக்கு வந்தது என்று நிறுவப் பல ஆண்டுகள் செலவிட்டார். அந்த வாதம் எடுபடவில்லை.

தம் மாதிரிகளை அருங்காட்சியகங்களுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது சிட்னியிலும் சரியான வரவேற்பு இல்லை. முடிவில் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகம் 1910இல் அவற்றை ஏற்றது. பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. எஞ்சிய சில பின்னர் சிட்னிக்குத் திரும்பின. 1915 மே மாதம் அவர் மகன் ஜெஃப்ரி கலிப்போலிப் போரில் இறந்தார். ஜூலையில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட வயிற்றறை அழற்சியால் ஹார்கிரேவும் காலமானார்.

ஸ்டான்வெல் பார்க்கை அடுத்த பால்ட் ஹில் குன்றில் 1940இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 1966 முதல் 1994 வரை வெளிவந்த ஆஸ்திரேலிய 20 டாலர் தாளின் பின்பக்கத்தில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது.