110 கிராமங்கள் (பெங்களூர்)

110 கிராமங்கள் என்பது, பெங்களூரைச் சுற்றி இருந்து 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். அவற்றோடு 7 நகரசபைகளும் கெங்கேரி புரசபையும் பழைய மாநகராட்சியில் இணைந்து ‘பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகெ’ உருவாயிற்று. பெல்லந்தூர், வர்த்தூர், ஹொரமாவு ஆகியவை இந்த ஊர்களுள் பலரும் அறிந்தவை.

நீர்
பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். வற்றாத ஆறு கிடையாது. ஆகவே ஏரி வெட்டிய இடத்தில்தான் ஊர் நிலைத்தது. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் ராஜகாலுவெ என்னும் பெருங்கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். பெல்லந்தூர் ஏரி வர்த்தூர் ஏரிக்கு வழியும். அங்கிருந்து தென்பெண்ணையில் கலந்து தமிழ்நாட்டுக்குள் வரும். மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் ‘நீருகண்டி’. தமிழ்நாட்டு நீர்க்கட்டி செய்த அதே வேலை. கூலியும் விளைச்சலில் ஒரு பங்குதான்.

பொது நிலம்
ஊர் மாடுகள் மேய ‘கோமாள’ என்ற புறம்போக்கு இருந்தது. ‘குண்டு தோப்பு’ எனப்படும் பொதுத் தோப்பில் மா, பலா, நாவல், புளி நின்றன. ஊர் நடுவே ‘அரளிகட்டெ’. கன்னடத்தில் அரளி என்றால் அரச மரம். அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடையில், மஞ்சளும் குங்குமமும் அப்பிய நாகக் கற்கள் வரிசையாக நிற்கும். வழக்குத் தீர்ப்பதும், வெயிலுக்கு ஒதுங்குவதும், ஊர்க்கதை பேசுவதும் இங்கேதான்.

அன்றாட வாழ்வு
கேழ்வரகும் அவரையும் மானாவாரிப் பயிர்கள். ஏரிப் பாசனத்தில் நெல், காய்கறி, பூ. களி உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் அன்றாட உணவு. விடிகாலையில் பால் சங்கத்தின் முன் தூக்குகளோடு வரிசை நிற்கும். பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, சிறு புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அந்தப் பால்தான் ‘நந்தினி’ பாக்கெட்டாக நகரத்து வாசலில் விழுகிறது. தொடக்கப்பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, போர்வெல்லில் நீரேற்றும் மேல்நிலைத் தொட்டி ஆகியவை மற்ற வசதிகள். தெருவிளக்கையும் குடிநீரையும் 1993ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி அமைந்த கிராமப் பஞ்சாயத்து பார்த்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது.

இணைப்புக்குப் பின்
கணினி நிறுவனங்கள் வந்தன. வயல்கள் ‘ரெவின்யூ சைட்’ எனப்படும் அங்கீகாரமற்ற மனைகளாகத் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, அடுக்குமாடிகள் எழுந்தன. ஆனால் காவிரிக் குழாயும் பாதாளச் சாக்கடையும் கூடவே வரவில்லை. போர்வெல்கள் ஆழம் போயின. டேங்கர் லாரி தினசரித் தேவையானது. நகரத்துக் கழிவு சேர்ந்த பெல்லந்தூர் ஏரியில் நுரை மலைபோல் பொங்கியது. நீர்நிலையிலேயே தீப்பற்றி எரிந்த காட்சியை நாடே பார்த்தது. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு மிகக் கடுமையாகத் தாக்கியது இந்தப் பகுதிகளைத்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில், இவ்வூர்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது.

மதிப்பீடு
சிற்றூரின் வசதி என்பது தார்ச்சாலையும் மின்கம்பமும் மட்டுமல்ல. ஏரி, தோப்பு, மேய்ச்சல் நிலம், கூப்பிட்டால் வரும் பஞ்சாயத்து உறுப்பினர் எல்லாம் சேர்ந்ததே வசதி. 110 கிராமங்கள் இவற்றில் பெரும்பகுதியை நகரத்திடம் கொடுத்தன. பதிலுக்கு ஆற்று நீர் திறக்க 17 ஆண்டுகள் ஆயின. விரியும் எந்த நகரமும் ஓர் ஊரைச் சேர்க்குமுன் அதன் ஏரியைக் காக்க வேண்டும், குழாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எல்லைக்கோடு அதற்குப் பிறகு நகரட்டும்.