பிள்ளை பார்க்கக் கூலி

 இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"கைப்பிள்ளையைக் காசு கொடுத்து விட்டுவிட்டு வேலைக்குப் போவதெல்லாம் இந்தக் காலத்து வழக்கம், நம் காலத்தில் ஆச்சிமார் பார்த்துக்கொண்டார்கள்" என்று உறவுகள் பலர் சொல்கிறீர்கள். பாதிதான் உண்மை. ஆச்சியே நடவுக்கும் களையெடுப்புக்கும் போன வீடுகளில் பிள்ளையைப் பார்த்தது யார்? என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அதற்குப் பதில் இருந்தது. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டார்கள். கேட்டால், "தம்பியப் பாக்கணும் டீச்சர்." சிலர் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் உட்கார்வார்கள். பிள்ளை பார்க்கும் கூலியை அன்று அக்காமார் தங்கள் படிப்பிலிருந்து கொடுத்தார்கள். கணக்கில் வராததால் அது இலவசம் என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால், ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டியிருந்தது. 1976 திருத்தத்தில் ஐம்பது முப்பதாயிற்று. நம் மாஞ்சோலை போன்ற தேயிலைத் தோட்டங்களுக்கு 1951 சட்டம் இதே கடமையை விதித்தது. இலங்கைத் தோட்டங்களில் இதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள்.

நம் பக்கத்துக்கு முக்கியமானது 1966 பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அதிலும் காப்பகம் இருந்தது, ஐம்பது பெண்களுக்கு மேல் ஒரே தொழிற்கூடத்தில் வேலை செய்தால். ஆனால் கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து சுற்றுகிறார்கள்? அவரவர் வீட்டுத் திண்ணையில். இலையையும் தூளையும் வாங்கி வந்து, சுற்றி, கட்டுக் கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஊர் முழுக்கப் பெண்கள் சுற்றினாலும் ஒரு கூரையின் கீழ் ஐம்பது பேர் சேரவே மாட்டார்கள். மடியில் தட்டு, பக்கத்தில் தொட்டில், தொட்டிலுக்குள்ளும் புகையிலைத் தூசி. சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தொட்டில் தெரியவே இல்லை.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதில் வந்ததுதான் அங்கன்வாடி. 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் சோறு. அதைச் சோற்றுத் திட்டமாக மட்டும் பார்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம். இரண்டு வயதுத் தம்பிக்குப் போய் உட்கார ஓர் இடம் கிடைத்ததே! என் கடைசி வரிசை மெல்ல மெல்லக் காலியானது.

மிஞ்சியது இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும், அங்கன்வாடி மூடிய பிறகுள்ள நேரமும். இன்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். தென்காசி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவாள். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் லாட்ஜிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலை பார்ப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அதிக வேலை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி விடுகிறாள். எழுத்து இல்லை, ரசீது இல்லை, நம்பிக்கைதான். அவளிடம் போய் "ரைம்ஸ் சொல்லித் தருவார்களா" என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டதா, தூங்கியதா, அழுதால் யார் தூக்கினார்கள் என்பதே அவள் கேள்வி. வண்ணச் சுவர் பார்த்துப் பிளே ஸ்கூல் தேடுகிற என் பழைய மாணவர்களும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

அரசுக் காப்பகமே கட்டணம் வாங்கியதுண்டு. 2017-இல் திருத்தப்பட்ட தேசியக் காப்பகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டுக்கு மாதம் 20 ரூபாய், மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 100 அல்லது 200. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்க முடிந்தது. ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. நம்முடைய அக்காமார் சும்மா செய்த வேலைக்கு ஒருவழியாக விலை வந்தது, அதுவும் இவ்வளவுதான்.

அதே 2017-இல் மகப்பேறு நலச் சட்டமும் திருத்தப்பட்டது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். இங்கே ஐம்பது என்பது பெண்கள் மட்டுமல்ல, எல்லோரும் சேர்த்து. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பாவூர்சத்திரத்துத் திண்ணையில் பீடி சுற்றுகிறவள் இதை யாரிடம் போய்க் கேட்பாள்?