பெட்ரோலில் கலந்தது எங்கே போகிறது? பெங்களூரின் ஈயமும் எத்தனாலும்

1999 பிப்ரவரி 8 முதல் 10 வரை பெங்களூரில் ஈய நச்சுத் தடுப்பு பற்றிய பன்னாட்டு மாநாடு நடந்தது. அதே நகரில் 2023 பிப்ரவரி 6 அன்று, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக 84 பெட்ரோல் பங்குகளில் விற்பனை தொடங்கியது. முதல் நிகழ்வு பெட்ரோலிலிருந்து வெளியேற்றப்படவேண்டிய பொருளைப் பற்றியது, இரண்டாவது உள்ளே வந்த பொருளைப் பற்றியது. இரண்டு பொருள்களும் ஆக்டேன் எண்ணை, அதாவது பெட்ரோல் எஞ்சினில் நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறனை, உயர்த்துபவை. ஒரு சேர்க்கைப் பொருளின் நன்மை தீமைகளை எஞ்சினோடு நிறுத்தி அளப்பது நம் வழக்கமாகிவிட்டது. எஞ்சினுக்கு வெளியே அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற கணக்கை, பொருள் சந்தைக்கு வரும் முன்பே தொடங்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

டெட்ரா எத்தில் ஈயம் எஞ்சின் 'தட்டுவதை' நிறுத்தும் என்று 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டது. எரியும்போது அது நுண்ணிய ஈய ஆக்சைடு துகள்களாகப் பிரிந்து, நேரத்துக்கு முன் வெடிக்கத் துடிக்கும் கலவையின் தொடர்வினையைத் தணிக்கிறது. ஆனால் அந்தத் துகள்கள் வால்விலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்து எஞ்சினையே கெடுக்கும். அதற்காக இன்னொரு சேர்க்கைப் பொருள் வேண்டியிருந்தது: டைபுரோமோ எத்தேன், டைகுளோரோ எத்தேன். இவை ஈயத்தை எளிதில் ஆவியாகும் உப்புகளாக மாற்றிப் புகைக்குழாய் வழியே வெளியே அனுப்பிவிடும். இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஈயம் தெருவில் விழுந்தது தற்செயலன்று. எஞ்சினுக்குள் தங்கிவிடக் கூடாது என்று வேதியியலாளர் வகுத்த வழியிலேயே அது தெருவுக்கு வந்தது. எஞ்சினை மட்டும் வைத்து அளந்தால் இது குறையில்லாத தீர்வு. 1924-இல் இந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர் இறந்ததும், ஆலிஸ் ஹாமில்டன் போன்ற தொழில்நல மருத்துவர்கள் எச்சரித்ததும் அந்தக் கணக்கில் ஏறவேயில்லை.

இந்தியாவில் 1990களின் தொடக்கம்வரை லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம் அனுமதிக்கப்பட்டது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. வந்த காரணம் கவனிக்கத்தக்கது: புதிய கார்களில் புகையைத் தூய்மையாக்கப் பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றியின் பிளாட்டினத்தை ஈயம் கெடுத்துவிடும். குழந்தையின் இரத்தத்தைவிடக் காரின் பிளாட்டினம் முதலில் காக்கப்பட்டது என்றால் மிகையாகாது. ஸ்கூட்டர்கள் நிறைந்த பெங்களூர் அந்த நான்கில் இல்லை.

குழந்தைகளின் இரத்தத்தை அளக்கும் வேலையைப் பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் அதில் முன்னின்றார். பெருநகரங்களில் பரிசோதிக்கப்பட்ட, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அன்றைய அமெரிக்க எச்சரிக்கை அளவு அந்த 10. இன்று அது 3.5. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது. மும்பையில் பின்னர் அளந்தபோது, 10-ஐத் தாண்டிய குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ 62 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்திருந்தது. முன்பே எடுத்துவைத்த எண் இருந்ததால்தான் இந்த இறக்கம் கண்ணில் பட்டது.

ஈயம் போன இடத்தைச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் அரோமாட்டிக் சேர்மங்களால் நிரப்பின. அவற்றுள் பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே பின்னர் அதற்கு 1 விழுக்காட்டு வரம்பு வந்தது. அமெரிக்காவில் எம்.டி.பி.ஈ. என்ற ஈதர் வந்தது. அது நிலத்தடி நீரில் கலந்து, 1996-இல் சான்டா மோனிகாவின் குடிநீர்க் கிணறுகளை மூடவைத்தது.

இனி எத்தனால். இது ஈயமன்று; உடலில் சேர்ந்து தங்காது, மண்ணில் விரைவில் சிதையும். இறக்குமதியைக் குறைக்கும், கரும்பு விவசாயிக்கு வருவாய் தரும் என்பவையும் மெய்யான வாதங்களே. ஆயினும் எஞ்சினுக்கு வெளியே என்ன நடக்கிறது என்ற கேள்வி பிழைத்திருக்கிறது. மங்களூரிலிருந்து ஹாசன் வழியாக 362 கி.மீ. குழாயில் வரும் பெட்ரோல் ஹொசகோட்டே அருகே தேவனகொந்தி முனையத்தை அடைகிறது. எத்தனால் நீரை இழுக்கும் என்பதால் குழாயில் அனுப்பாமல் இத்தகைய முனையங்களிலேயே கலக்கிறார்கள். பங்கில் டிப் ராடின் நுனியில் பேஸ்ட் தடவித் தொட்டிக்குள் இறக்கி, நிறம் மாறுகிறதா என்று பார்த்து அடியில் நிற்கும் நீரைக் கண்டுபிடிப்பது பழைய முறை. எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கும். பழைய பேஸ்ட் அதைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அந்த அடுக்கு இரும்புத் தொட்டியை அரிக்கும்.

தொட்டி கசிந்தால் நடப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் செரிக்கும் எத்தனாலை முதலில் தின்று, நிலத்தடி நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அருகிலுள்ள பென்சீன் சிதையாமல் நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகும். எத்தனால் நச்சில்லை என்பது இங்கே போதிய விடையாகாது. அது இன்னொரு நச்சின் ஆயுளை நீட்டுகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றித் தவித்த நகரம் இது. மீதமுள்ள கிணறுகளின் தரத்தைப் புறக்கணிக்க இயலாது. காற்றிலும் கணக்கு முழுமையில்லை: எத்தனால் எரிகையில் கூடும் அசிடால்டிஹைடு என்ற மாசு, 2009-இன் தேசியக் காற்றுத்தர அளவுகோலிலுள்ள 12 மாசுகளின் பட்டியலில் இல்லை. பென்சீன் இருக்கிறது, ஈயமும் இருக்கிறது.

எத்தனாலை நிறுத்தச் சொல்ல இந்தச் சான்றுகள் போதா. நானும் அதைக் கேட்கவில்லை. பழைய ஒற்றைச்சுவர்த் தொட்டிகள் உள்ள பங்குகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் பென்சீனையும் கரைந்த ஆக்சிஜனையும், போக்குவரத்து நெரியும் சந்திப்புகளில் அசிடால்டிஹைடையும் ஆண்டுதோறும் அளந்து, எண்களைப் பொதுவில் வைக்கவேண்டும். அளக்கும் பொறுப்பு எண்ணெய் நிறுவனங்களிடம் இருக்கலாகாது; செலவை அவை ஏற்கலாம். 20 விழுக்காட்டைத் தாண்டும் பேச்சு தொடங்கிவிட்டது. 0 விழுக்காட்டுக் காலத்தின் கிணற்று நீர் இனி நமக்குக் கிடைக்காது. 20-இன் நீரை எடுத்துவைக்க இன்னும் காலம் இருக்கிறது.